மாதம் 34,713 ரூபாய்

வீடு வாங்கலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள்: "மாதம் இவ்வளவு கட்ட முடியும்." தரகரும் அதைத்தான் கேட்கிறார். புறநகர்ச் சாலையோர விளம்பரப் பலகைகளிலும் வீட்டின் விலையைவிட மாதத் தவணைதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. வாழ்நாளில் நாம் செய்யும் ஆகப் பெரிய செலவை ஒரு மாதக் கணக்காகச் சுருக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நாமும் அதைச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு இதில் நெடுநாள் வருத்தம் உண்டு.

நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தாம்பரத்துக்குத் தெற்கே, கடனில் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறேன். உறவில் யாராவது வீடு வாங்கக் கிளம்பினால் காகிதங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார்கள். அண்மையில் வந்தவள் என் அக்கா மகள். பெருங்களத்தூரில் ஒரு மறுவிற்பனை வீடு, விலை 50 லட்சம் ரூபாய்.

"மாமா, அவரும் நானும் சேர்ந்து மாதம் 35,000 வரை கட்ட முடியும். வங்கியில் 40 லட்சம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். மீதி 10 லட்சம் கையில் இருக்கிறது. போதும்தானே?"

"போதாதம்மா" என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அட்வான்ஸ் கொடுத்த பிறகு வாடுவதைவிட இப்போது வாடுவது நல்லது. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தவணைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கடன் 40 லட்சம், ஆண்டு வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். வட்டி இதைவிடக் குறைவாகக் கிடைத்தாலும் கணக்கு போகிற வழி ஒன்றுதான். மாதத் தவணை 34,713 ரூபாய் வருகிறது. முதல் மாதம் முடிந்ததும் வங்கி 40 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியைக் கணக்கிடுகிறது: 28,333 ரூபாய். நீங்கள் கட்டிய பணத்திலிருந்து முதலில் அதை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 6,380 ரூபாய்தான் அசலில் கழிகிறது. அடுத்த மாதம் 39,93,620 ரூபாய்க்கு வட்டி. அது சில பத்து ரூபாய் குறையும். அசலுக்குப் போவது அதே அளவு கூடும். இப்படியே 240 மாதங்கள்.

இந்த 240 வரிகளையும் ஒரே தாளில் அடித்துத் தரச் சொல்லி வங்கியிடம் கேட்கலாம். திருப்பிச் செலுத்தும் அட்டவணை என்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டிய தாள் இது. அக்கா மகளுக்கு நான் என் கணினியிலேயே போட்டுக் காட்டினேன். நான்கு பத்திகள்: தவணை, வட்டி, அசல், பாக்கி. தவணை என்ற பத்தி மேலிருந்து கீழ்வரை மாறாமல் ஒரே எண்ணாக நிற்கிறது. அதன் பக்கத்தில் இருக்கும் இரண்டு பத்திகளில்தான் எல்லாம் நடக்கிறது.

முதல் ஆண்டு முழுவதும் 4,16,556 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அசலில் குறைந்திருப்பது சுமார் 79,600 ரூபாய். ஐந்தாம் ஆண்டு முடிவில் 20.8 லட்சம் கட்டியிருப்பீர்கள், இன்னும் 35.25 லட்சம் பாக்கி நிற்கும். பத்தாண்டு முடிந்து பாதிக் காலம் கடந்துவிட்டது என்று நினைக்கும்போது பாக்கி 28 லட்சம். அசலுக்குப் போகும் பங்கு வட்டிக்குப் போகும் பங்கைத் தாண்டுவதற்கே ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகின்றன. கடன் பாதியாகக் குறைந்து 20 லட்சத்துக்கு வருவது பதினான்காம் ஆண்டின் இறுதியில். மொத்தத்தில் கட்டுவது 83.3 லட்சம். அதில் வட்டி மட்டும் 43.3 லட்சம்.

இதைப் பார்த்ததும் வங்கி ஏமாற்றுகிறது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. இது ஏமாற்று அல்ல. பாக்கி அதிகமாக இருக்கும் காலத்தில் வட்டியும் அதிகமாகத்தான் இருக்கும். ஆரம்பத்தில் நம் பணம் அசலை ஏன் தொடவில்லை என்பதற்கு அவ்வளவுதான் காரணம். எனக்கு வருத்தமெல்லாம், இந்தத் தாளைக் கண்ணால் பார்க்காமலேயே இருபது ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போடுகிறோமே என்பதுதான். நகை வாங்கினால் சேதாரம் எத்தனை சதவீதம் என்று கடைக்காரரோடு அரை மணி நேரம் பேசுகிற ஊர் இது.

காலத்தை மாற்றினால் கணக்கு எப்படிப் புரளுகிறது என்பதையும் அவளுக்குக் காட்டினேன். அதே கடனை 30 ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 30,757 ரூபாய். மாதம் நாலாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான நிம்மதி. அதற்கு ஈடாக மொத்த வட்டி 70.7 லட்சமாகிறது, அதாவது 27 லட்சத்துக்கும் மேல் கூடுதல். 15 ஆண்டுகளாகச் சுருக்கினால் தவணை 39,390 ரூபாய், வட்டி 30.9 லட்சம். மாதம் 4,677 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 12.4 லட்சம் மிச்சம். "தவணை குறைவாக வர வேண்டுமா? காலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்" என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லும்போது இந்த எண்கள் நினைவில் இருக்க வேண்டும்.

எல்லோராலும் 39,000 கட்ட முடியாது. அது எனக்குத் தெரியும். அதற்கு வேறு வழி இருக்கிறது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே உத்தரவு போட்டுவிட்டது. முதல் ஆண்டு முடிவில் போனஸோ சீட்டுப் பணமோ 1 லட்சம் வந்து, அதை அப்படியே அசலில் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கச் சொன்னால் கடைசியில் கிட்டத்தட்ட 14 தவணைகள் இல்லாமல் போகின்றன. 1 லட்சத்தைக் கழித்துப் பார்த்தாலும் சுமார் 3.8 லட்சம் வட்டி மிச்சம். அதே 1 லட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டில் கட்டினால் இந்தப் பலனில் சிறு பங்குதான் கிடைக்கும். அதனால் முன்கூட்டி அடைக்கிறவர்கள் முதல் ஐந்து, ஆறு ஆண்டுகளுக்குள் அடைக்கப் பாருங்கள். ஆனால் கையில் இருப்பதை எல்லாம் வழித்துக் கடனில் போட்டுவிடாதீர்கள். ஆறு மாதத் தவணையும் ஆறு மாத வீட்டுச் செலவும் தனியாகக் கிடக்கட்டும். வேலை போன மாதத்தில் வங்கி தவணையைத்தான் கேட்கும். போன ஆண்டு அசலில் முன்கூட்டிக் கட்டினோம் என்பது அங்கே செல்லாது.

இனி அந்த 10 லட்சத்துக்கு வருகிறேன்.

வீட்டின் மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு 40 லட்சம் என்பது இப்படித்தான் வந்தது. பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. வீட்டின் விலை 10 லட்சத்துக்கு மேல் போனால், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் போன்றவற்றை வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கணக்கிடக் கூடாது. அந்தச் செலவு முழுவதும் உங்கள் கைப்பணம்.

தமிழ்நாட்டில் அது சிறிய தொகை அல்ல. நிலத்துக்கும் மறுவிற்பனை வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கு 4.5 லட்சம் ரூபாய். கட்டுமான நிறுவனத்திடமிருந்து முதல்முறையாக வாங்கும் அடுக்குமாடி வீட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து சலுகை இருக்கிறது: 50 லட்சம் வரை தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம், இரண்டுக்கும் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மறுவிற்பனைக்கு அந்தச் சலுகை இல்லை. பழைய வீடு மலிவு என்று வாங்கப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு, அதாவது அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்திருக்கும் மதிப்பு, நீங்கள் பேசிய விலையைவிட அதிகமாக இருந்தால், தீர்வை அந்த மதிப்புக்குத்தான். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்து, மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 2024 ஜூலையில் மதிப்பு மீண்டும் திருத்தப்பட்டது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் மூன்று ஆண்டுகளுக்கு முன் கட்டிய தொகையை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள். உங்கள் தெருவின், உங்கள் சர்வே எண்ணின் மதிப்பைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

இன்னும் இருக்கிறது. கடன் தரும் வங்கி, மூலப் பத்திரத்தை ஒப்படைத்ததற்கான ஆவணத்தை அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியச் சொல்லும். அதற்குத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 40 லட்சம் கடனுக்கு 25,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கருத்துரை, பொறியாளரின் மதிப்பீடு, பத்திர எழுத்தர் கூலி, தரகருக்கு 1 சதவீதம் என்றால் 50,000. பிறகு மின் இணைப்பு, சொத்து வரி, குடிநீர் வரி ஆகியவற்றில் பெயர் மாற்றம். குடியிருப்போர் சங்கத்தில் புதிய உரிமையாளர் கட்டும் தொகை. பழைய வீடு என்றால் பெயின்ட், குழாய், கழிவறை வேலை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினோம். வீட்டு வேலையைச் சேர்க்காமலேயே 10 லட்சம் 16 லட்சத்தை நெருங்கியது. அவளிடம் இல்லாத அந்த 6 லட்சத்தைத்தான் பலர் தனிநபர் கடனாகவோ நகைக் கடனாகவோ வாங்குகிறார்கள். 35,000 கட்ட முடியும் என்று நம்பி இறங்கிய குடும்பம், முதல் மூன்று ஆண்டுகள் 50,000 ரூபாய்க்கும் மேல் கட்ட வேண்டி வருவது இப்படித்தான்.

கட்டுமானத்தில் இருக்கும் வீட்டை வாங்கினால் இதன் மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். விலை 45 லட்சத்துக்குள், கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு) பெருநகரத்தில் 60 சதுர மீட்டருக்குள் என்றால் 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கட்டி முடிக்கும்வரை வங்கி பணத்தைத் தவணை தவணையாக விடுவிக்கும். வங்கி விடுவித்த தொகைக்கு நீங்கள் வட்டி மட்டும் கட்டுவீர்கள். அந்த வட்டியால் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வேலை ஓராண்டு தாமதமானால் அந்த ஓராண்டும் வாடகை ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம். ரெரா எனப்படும் கட்டுமான ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவில் ஒப்படைக்கும் தேதி என்று என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

விலை 50 லட்சத்தைத் தொட்டால் இன்னொரு கடமை வாங்குபவர் தலையில் விழுகிறது. விலையில் 1 சதவீதத்தைப் பிடித்தம் செய்து, விற்பவரின் பான் எண்ணில் வருமான வரியாகக் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவு அல்ல. விற்பவருக்குப் போகும் பணத்திலிருந்து எடுப்பதுதான். கட்டத் தவறினால் வட்டியும் அபராதமும் வாங்கியவருக்கு. விற்பவரிடம் முன்கூட்டியே பேசி, விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பதிவு நாளன்று சச்சரவு வராது.

பத்திரத்தில் குறைத்துக் காட்டும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "பத்திரத்தில் 38 போட்டுக்கொள்ளலாம், மீதி 12 கையில் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கும் தீர்வை மிச்சம்" என்பார்கள். வங்கி 38 லட்சத்தை விலையாக வைத்துத்தான் கடனைக் கணக்கிடும். மீதியை ரொக்கமாகப் புரட்ட வேண்டும். அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம். நாளை நீங்கள் விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 38 லட்சம் என்றுதான் இருக்கும். கூடுதல் லாபத்துக்கு வரி நீங்கள் கட்டுவீர்கள். விற்பவருக்காக ஏன் இந்தச் சுமையை ஏற்க வேண்டும்? எவ்வளவு பிடித்த வீடாக இருந்தாலும், இப்படிக் கேட்பவரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பதை ஒருமுறை பார்த்தால் பணம் எப்படிக் கைமாறுகிறது என்று புரியும். டோக்கன் நேரத்துக்கு விற்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள் வந்துவிடுவார்கள். வங்கியின் ஆள் ஒருவர், விற்பவர் பெயருக்கு எடுத்த வரைவோலையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார். கேமராவைப் பார்க்கச் சொல்வார்கள், விரல் ரேகை வைக்கச் சொல்வார்கள். விற்பவர் கையெழுத்திட்டு ரேகை வைத்து முடித்ததும் ஓலை அவர் கைக்குப் போகும். பத்திரத்தைத் திரும்பப் பெறும் ரசீதை வங்கியின் ஆள் வாங்கிக்கொள்வார். நீங்கள் வாங்கிய வீட்டின் மூலப் பத்திரம் உங்கள் கைக்கு வராமலேயே வங்கியின் பெட்டகத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு முன்பே, பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும் தாய்ப்பத்திரம் முதல் தெளிவாக நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் வழக்கறிஞர் பத்திரங்களைப் பார்த்துவிட்டாரே என்று நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். அவர் வங்கிக்காகப் பார்க்கிறார். 30 ஆண்டு வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), பட்டா, திட்ட அனுமதி, பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு என்ற கணக்கு, இவற்றை உங்களுக்காகப் பார்க்க ஒரு வழக்கறிஞருக்குச் சில ஆயிரம் கொடுப்பது மிக நியாயமான செலவு.

இனி வட்டி மாறுவதைப் பற்றி. எனக்கு இதில் சொந்த அனுபவம் இருக்கிறது.

2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் மாறும் வட்டியில் தரும் புதிய வீட்டுக் கடன்களை ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைத்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை; அவை தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்ளலாம். கடன் எங்கே வாங்குகிறோம் என்பதில் இது பெரிய வித்தியாசம். ரெப்போ விகிதம் 2020 மே மாதம் 4 சதவீதத்துக்கு இறங்கியது. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தில் நின்றது. ஒன்பதே மாதங்களில் இரண்டரை சதவீதப் புள்ளிகள்.

நான் கடன் வாங்கியது 2021இல், வட்டி 7 சதவீதத்துக்கும் கீழே இருந்த காலம். என் தொகை வேறு. புரிவதற்காக 40 லட்சமாக மாற்றிச் சொல்கிறேன். 6.75 சதவீதத்தில் 20 ஆண்டுக்குத் தவணை 30,415 ரூபாய். ஓராண்டு கட்டியபின் பாக்கி சுமார் 39.02 லட்சம். இப்போது வட்டி 9.25 சதவீதமாகிறது. ஒரு மாத வட்டியே 30,078 ரூபாய். பழைய தவணையையே தொடர்ந்தால் அசலுக்குப் போவது 337 ரூபாய்! அந்த வேகத்தில் கடன் முடிய இன்னும் 586 மாதங்கள், அதாவது ஏறக்குறைய 49 ஆண்டுகள். முதலில் பேசிய காலத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் தவணை 36,398 ரூபாயாக உயர வேண்டும்.

என் வங்கி தவணையைத் தொடவில்லை. காலத்தை நீட்டிக்கொண்டே போனது. கடிதமோ குறுஞ்செய்தியோ எதுவும் வரவில்லை. மாதாமாதம் அதே தொகை கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்ததால் வீட்டில் யாருக்கும் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆண்டுக் கணக்குத்தாளை எடுத்துப் பார்த்தபோதுதான், கடன் முடியும் ஆண்டு என் ஓய்வு வயதைத் தாண்டிப் போயிருந்தது தெரிந்தது. கிளையில் கேட்டதற்கு, "அது கணினி தானாகச் செய்வது சார்" என்றார் அந்த அதிகாரி. எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வந்தது. ஒரு மனிதனின் அறுபது வயதுக்குப் பிந்தைய ஆண்டுகளை அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கு இது பதிலா? தவணையை உயர்த்திக் காலத்தைப் பழையபடி குறைக்கும்படி எழுதிக் கொடுத்து, பெற்றதற்கான முத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

என்னைப் போல் நாடு முழுவதும் ஏராளமானோர் சிக்கியிருந்தார்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவாக உத்தரவிட்டது. வட்டி மாறினால் தவணையிலும் காலத்திலும் ஏற்படும் விளைவைக் கடன் வாங்கியவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வட்டி திருத்தப்படும்போது, வங்கியின் கொள்கைக்கு உட்பட்டு, நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் அன்று சொன்னது; 2025 அக்டோபரிலிருந்து அது வங்கியின் விருப்பம். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு. வட்டிக்கே போதாத தவணையாகி அசல் வளரும் நிலை வரக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு கிளைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி நடக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போ விகிதம் இறங்கத் தொடங்கியபோது நான் செய்ததையும் சொல்கிறேன்: தவணையைக் குறைக்கச் சொல்லவில்லை. அதே தொகையைக் கட்டி, காலத்தைக் குறைய விட்டேன். உங்கள் கடனுக்கு அடுத்த வட்டித் திருத்தத் தேதி எது என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குறைப்பு உங்கள் கணக்கில் ஏறியதா என்று அந்தத் தேதிக்குப் பிறகு பாருங்கள். ஏறவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள்.

காப்பீட்டு விஷயம் சுருக்கமாக. கடனோடு ஒரு காப்பீட்டையும் சேர்த்து, அதன் ஒற்றைப் பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே ஏற்றிவிடுவார்கள். 1 லட்சம் பிரீமியம் அப்படி ஏறினால் 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுகளில் 2,08,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள். கடன் வாங்குபவருக்கு ஆயுள் காப்பீடு கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் அதை நீங்களே தனியாக, ஆண்டுப் பிரீமியத்தில் டேர்ம் பாலிசியாக (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) எடுங்கள். 2024 அக்டோபரிலிருந்து புதிய கடன்களுக்கு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டுச் செலவைக் காட்டும் முக்கிய விவரத் தாளை வங்கி தர வேண்டும். காப்பீடு கடனில் ஏறியிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

வரி மிச்சம் என்ற வாதத்தையும் பலர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய வரி முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. முதல் ஆண்டு வட்டி 3.37 லட்சம் என்பதால் அதிலும் ஒரு பங்குக்குக் கழிவு இல்லை. கணவன் மனைவி இருவரும் கடனிலும் பத்திரத்திலும் சேர்ந்திருந்தால் தனித்தனியே கோரலாம். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவே கிடையாது. அந்த முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை என்று ஆனபிறகு, நடுத்தரச் சம்பளக்காரர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுக் கடனால் மிச்சமாகும் வரி என்று ஒன்றும் இல்லை. எந்த முறை தனக்குப் பொருந்தும் என்று பார்க்காமல், வரிக்காகக் கடன் வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

அக்கா மகள் அந்த வீட்டை வாங்கவில்லை. ஓராண்டு தள்ளிப் போட்டிருக்கிறாள். அந்தப் பகுதியில் அதே அளவு வீடு 15,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது. 35,000 கட்ட முடியும் என்றால் மீதி 20,000 ரூபாயை மாதாமாதம் தனியாகச் சேர்த்துக் காட்டு, தவணை கட்டும் பழக்கமும் வரும், குறையும் 6 லட்சத்தில் பாதிக்கு மூன்று மாதத் தொகைதான் பாக்கி நிற்கும் என்றேன். "ஓராண்டில் விலை ஏறிவிட்டால், மாமா?" என்று கேட்டாள். ஏறலாம். ஆனாலும் தனிநபர் கடனை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் போவதைவிட, சற்றுக் கூடுதல் விலைக்குச் சொந்தப் பணத்தோடு போவது நல்லது என்று நான் நினைக்கிறேன். வாடகை என்பது வீணாகும் பணம் என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. முதல் ஆண்டு கட்டும் 3.37 லட்சம் வட்டியும் திரும்பி வராத பணம்தான்.

கடைசியாக, கடன் முடிகிற நாளைப் பற்றி. கடனை முழுதும் அடைத்து 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்துவிட்டது என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். என் ஒன்றுவிட்ட பெரியப்பா 2018இல் கடனை முடித்தார். பத்திரங்களும் வந்துவிட்டன. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று வங்கியில் யாரும் சொல்லவில்லை. பல ஆண்டு கழித்து அவர் மகன் வீட்டை விற்கப் போனபோது, வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நின்றது. அதற்குள் அந்த வங்கி வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது; கிளையும் இடம் மாறிவிட்டது. பழைய கணக்கைத் தேடியெடுத்து, கையெழுத்துப் போட ஒரு அதிகாரியை அழைத்து வந்து, ரசீதைப் பதிந்து முடிப்பதற்குள் வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடன் முடிந்த மாதமே ரசீது ஆவணத்தைப் பதிந்துவிடுங்கள். சில நாள் கழித்துப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் புதிதாக எடுத்து, அந்தப் பதிவு அதில் ஏறியிருக்கிறதா, ஆவண எண்ணும் ஆண்டும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.